சின்னஞ்சிறு குவில்ட் கண்காட்சியைப் பார்ப்பது எப்படி: கோலாலம்பூர்வாசிகளுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

மினியேச்சர் குவில்ட் கண்காட்சிக்குள் நுழையும் பலர், சுவரில் வரிசையாக மாட்டியிருக்கும் சிறு துணிச் சதுரங்களை நடந்தபடியே பார்த்து, “அழகாக இருக்கிறது” என்று பொதுவாக ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, தே தாரிக் குடிக்கப் போய்விடுகிறார்கள். அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. கட்டிலை மூடும் பெரிய குவில்ட் தன் அளவாலேயே ஆளை நிறுத்திவிடும். ஒரு கைக்குட்டை அளவே உள்ள குவில்ட்டோ, நாமாக நின்று பார்த்தாலன்றி எதையும் காட்டாது. எங்கே நிற்க வேண்டும், எதை முதலில் பார்க்க வேண்டும், எதைக் கேட்க வேண்டும் என்பது தெரிந்துவிட்டால் ஒரே துண்டின் முன் கால் மணி நேரம் நிற்க முடியும். ஜாக்கெட் தைத்துப் பழகியவர்களையும், ஊசியைக் கையில் எடுத்தே அறியாதவர்களையும் மனத்தில் வைத்து இந்த வழிகாட்டி எழுதப்பட்டுள்ளது.

முதலில், எதைப் பார்க்கப் போகிறோம்

குவில்ட் என்பது மூன்று அடுக்குகளைக் கொண்டது. மேலே, பல துண்டுகளை இணைத்துத் தைத்த முகத்துணி, நடுவே பஞ்சு விரிப்பு, கீழே அடித்துணி. இம்மூன்றையும் ஊடுருவிப் பிணைக்கும் தையல்தான் அதனைக் குவில்ட் ஆக்குகிறது. பழைய சேலைகளை அடுக்கி ஓட்டத்தையல் போட்டுப் பிள்ளைகளுக்கு விரித்துப் போட்ட வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு இது அயலான கலை அன்று. பழஞ்சேலைகளை அடுக்கித் தைக்கும் வங்காளத்தின் காந்தாவும், ஓரத்தில் தொடங்கி உள்நோக்கித் தைத்துக்கொண்டே வந்து நடுவில் முடிக்கும் கர்நாடகத்தில் வாழும் ஆப்பிரிக்க வழிவந்த சித்தி இன மக்களின் கவந்தியும் இதே குடும்பம்தான். மலாய்க்காரர் வீடுகளில் தையலில் மிஞ்சிய துண்டுத் துணிகளை இணைத்துச் செய்யும் காயின் பெர்ச்சா வேலையை இதன் நெருங்கிய உறவு எனலாம்.

மினியேச்சர் குவில்ட் என்பது வெறுமனே சிறிய குவில்ட் அன்று. முழு அளவில் எப்படி இருக்குமோ அதே அமைப்பை, அதே துண்டுகளின் எண்ணிக்கையோடு, அளவை மட்டும் குறைத்துச் செய்வதே மினியேச்சர். முகத்துணியில் திரும்பத் திரும்ப வரும் சதுர அலகான கட்டம் 12 அங்குலத்திலிருந்து 3 அங்குலமாகக் குறைகிறது என்றால், 96 அங்குல அகலமுள்ள குவில்ட் 24 அங்குலத்திற்குள் வந்துவிடும்; பரப்பு பதினாறில் ஒரு பங்காகிவிடும்; ஆனால் தைக்க வேண்டிய துண்டுகளில் ஒன்றுகூடக் குறையாது. அமெரிக்கக் குவில்ட்டர்கள் சங்கம் 1985-ஆம் ஆண்டு முதல் கென்டக்கி மாநிலத்தின் படூக்கா நகரில் நடத்திவரும் போட்டியில், மினியேச்சர் பிரிவுக்கு வரும் குவில்ட்டின் எந்தப் பக்கமும் 24 அங்குலத்தைத் தாண்டக்கூடாது என்பது வரம்பு. 1991-இல் திறக்கப்பட்ட தேசியக் குவில்ட் அருங்காட்சியகமும் அதே நகரில்தான் இருக்கிறது. 2013-இல் யுனெஸ்கோ கைவினைக்கான படைப்பு நகரங்களின் பட்டியலில் படூக்காவைச் சேர்த்தது.

19-ஆம் நூற்றாண்டு அமெரிக்காவில் சிறுமிகளின் பொம்மைக் கட்டிலுக்கென்று தைத்த சிறு குவில்ட்டுகள் உண்டு. அவற்றில் பல, பெரிய கட்டங்களில் நான்கைந்தை மட்டும் எடுத்துத் தைத்தவை. விளையாடுவதற்கும் கை பழகுவதற்கும் அவை பயன்பட்டன. இன்றைய மினியேச்சரின் நோக்கம் வேறு. நம் ஊர்க் கண்காட்சிகளில் சில வேளை தட்டு வைக்கும் மேசை விரிப்பையும் பெரிய கட்டம் ஒன்றைச் சட்டமிட்டதையும் ‘மினியேச்சர்’ என்ற பெயரில் மாட்டிவைக்கிறார்கள். அவையும் அழகாகவே இருக்கலாம். ஆனால் அந்தப் பெயருக்கு உரியவை அல்ல என்பதே என் எண்ணம். உள்ளே நுழைந்ததும் நீங்கள் செய்ய வேண்டிய முதல் வேலை இந்தப் பிரிவினைதான். ஒரு படம் எடுத்துப் பெரிதாக்கினால் இது கட்டிலுக்கான குவில்ட் என்று நம்பும்படி இருக்குமா என்று கேட்டுப் பாருங்கள். இருக்கும் என்றால் அதன் முன் நில்லுங்கள்.

நாளும் நேரமும்

கோலாலம்பூரில் இத்தகைய கண்காட்சிகள் ஒரே வகை இடத்தில் நடப்பதில்லை. பேரங்காடியின் நடுக்கூடம், மன்றத்தின் கூட்ட அறை, அருங்காட்சியகத்தின் தற்காலிகக் காட்சிக்கூடம் என எங்கும் அமையலாம். இடத்திற்கு ஏற்ப நீங்கள் பார்க்கும் முறையும் மாறும். அருங்காட்சியகத்தில் வெளிச்சம் மங்கலாகவே இருக்கும். துணியின் சாயம் ஒளியால் வெளுக்கும் என்பதால் 50 லக்ஸ் அளவைத் தாண்டவிடாமல் வைப்பது அருங்காட்சியகங்களின் பொது வழக்கம். வெளியே நண்பகல் வெயிலிலிருந்து நேராக உள்ளே போனால் முதல் சில நிமிடங்களுக்கு நிறங்கள் எல்லாம் சாம்பல் பூத்தாற்போலத் தெரியும். அறிமுகப் பலகையை நிதானமாகப் படித்துக் கண்களுக்கு அவகாசம் கொடுத்துவிட்டுப் பிறகு தொடங்குங்கள். பேரங்காடியில் இதற்கு நேர்மாறு: வெளிச்சம் தாராளமாக இருக்கும், ஆனால் கூட்டம் தள்ளும், மேல் விளக்கின் பிரதிபலிப்பு கண்ணாடிச் சட்டத்தில் விழுந்து துணியை மறைக்கும்.

எந்த இடமானாலும் வேலை நாளின் முற்பகலே சிறந்தது. பிற்பகலில் மழை பிடித்துக்கொள்ளும் ஊர் இது. நனைந்த குடையுடன் துணிக் கண்காட்சிக்குள் நுழைய விடமாட்டார்கள், விடவும் கூடாது. கண்காட்சி நகர மையத்தில் என்றால் காரை வீட்டில் விட்டுவிட்டு எல்ஆர்டி ரயிலில் மஸ்ஜிட் ஜாமெக் அல்லது பசார் சேனி நிலையத்தில் இறங்குவது நிம்மதி.

டத்தாரான் மெர்டேக்காவை ஒட்டி, கட்டடக் கலைஞர் ஹப்பக் வடிவமைத்த பழைய ரயில்வே தலைமையகக் கட்டடத்தில் 2010 முதல் தேசியத் துணி அருங்காட்சியகம் இயங்கிவருகிறது. ஊருக்குள் வருகிறோமே, அதையும் இதையும் ஒரே நாளில் பார்த்துவிடலாம் என்று தோன்றும். வேண்டாம். மினியேச்சர்களைக் கூர்ந்து பார்த்த கண்கள் விரைவில் களைத்துப்போகும். அதன்பின் சொங்கெட் துணியின் பொன்னிழையோ புவா கும்பு துணியின் முடிச்சுச் சாயமோ மனத்தில் பதியாது. முடிந்தால் முந்தைய வாரமே அங்குப் போய், நெசவுக் கருவிகளையும் செய்முறைகளையும் காட்டும் போஹோன் புடி கூடத்தை மட்டும் பார்த்து வாருங்கள். இழை, நெய்தல், சாயம் ஆகியவை பற்றிய அடிப்படை தெரிந்துவிடும்.

கையில் இருக்க வேண்டியவை

படிக்கும் கண்ணாடி இருந்தால் கட்டாயம் எடுத்துச் செல்லுங்கள். தொலைவுக்கு மட்டும் அணியும் கண்ணாடியுடன் போய் ஏமாந்தவர்கள் பலர். சிறிய உருப்பெருக்கி பயன்படும், ஆனால் சில இடங்களில் அதைப் பிடித்துக்கொண்டு துணியருகே குனிவதை அனுமதிப்பதில்லை என்பதால் நுழைவாயிலிலேயே கேட்டுவிடுவது நல்லது. குறிப்பெழுதப் பேனா வேண்டாம், பென்சில் போதும். பேனா மை ஒரு துளி தெறித்தாலும் துணியிலிருந்து போகாது. குளிரூட்டி உறைக்கும், ஒரு சால்வை இருக்கட்டும். சேலையோ துப்பட்டாவோ அணிந்திருந்தால் முந்தானையைச் செருகிக்கொள்ளுங்கள். கல் பதித்த வளையல்களை வீட்டிலேயே கழற்றி வைத்துவிடுங்கள். தோள்பையை முதுகில் தொங்கவிடாமல் முன்புறம் மாட்டிக்கொள்ள வேண்டும். திரும்பும்போது பை இடித்துச் சட்டம் சாய்வதுதான் இத்தகைய கண்காட்சிகளில் நடக்கும் வழக்கமான விபத்து.

பார்க்கும் முறை

முதல் சுற்றில் எதையும் படிக்க வேண்டாம். இரண்டு மீட்டர் தள்ளி நின்றபடி கூடம் முழுவதையும் ஒருமுறை சுற்றி வாருங்கள். இந்தத் தொலைவில் தையல் தெரியாது. நிறமும் அமைப்பும் மட்டுமே தெரியும். முழு அளவுக் குவில்ட்டில் பளிச்சென்று தெரியும் வேறுபாடு, சிறிதாக்கும்போது ஒன்றோடொன்று கலந்து மங்கிவிடும். ஆகவே நல்ல கலைஞர்கள் வெளிர் நிறத்தை இன்னும் வெளிராகவும் அடர் நிறத்தை இன்னும் அடர்வாகவும் எடுத்துக்கொள்வார்கள். படம் எடுக்க அனுமதி இருந்தால் கைப்பேசிக் கேமராவைக் கறுப்பு வெள்ளைக்கு மாற்றிப் பாருங்கள். நிறம் போனபின்னும் அமைப்பு நின்றால் அந்த வேறுபாடு சரியாக அமைந்திருக்கிறது என்று பொருள். இச்சுற்றில் உங்களை இழுத்த நான்கைந்தை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். எல்லாவற்றையும் நெருங்கிப் பார்க்க முயன்றால் எதையும் பார்த்ததாக ஆகாது.

இரண்டாம் சுற்றுதான் முதன்மையானது. குறித்து வைத்தவற்றின் முன் ஒரு கை நீளத் தொலைவில் நின்று, இந்த ஒரு செய்தியை மட்டும் மனத்தில் வைத்துப் பாருங்கள்: வரைபடத்தைச் சுருக்கலாம், துணியைச் சுருக்க முடியாது. துணியின் தடிமன், நூலின் பருமன், அச்சிட்ட பூவின் அளவு, தையலுக்கு விடும் ஓரம் ஆகியவை கட்டம் சிறிதாகிறது என்பதற்காகத் தாமாகச் சிறிதாகிவிடுவதில்லை. தைப்பவர் அவை ஒவ்வொன்றோடும் தனித்தனியே மல்லுக்கட்ட வேண்டும். எங்கே வென்றார், எங்கே விட்டுக்கொடுத்தார் என்று தேடுவதே மினியேச்சரைப் பார்ப்பதன் சுவை.

எடுத்துக்காட்டாக, அடிக்கடி காணக்கூடிய லாக் கேபின் அமைப்பை எடுத்துக்கொள்வோம். நடுவில் ஒரு சிறு சதுரம், மரபாகச் சிவப்பு. அதைச் சுற்றி ஒன்றன்மேல் ஒன்றாகப் பட்டைகள், ஒரு பாதி வெளிர், மறு பாதி அடர். நடுச் சதுரம் கால் அங்குலம், பட்டை ஒவ்வொன்றும் கால் அங்குலம், மூன்று சுற்று என்று வைத்துக்கொண்டால் ஒன்றே முக்கால் அங்குலக் கட்டத்திற்குள் 13 துண்டுகள் இருக்கும். குவில்ட் தைப்பவர்கள் வழக்கமாக இருபுறமும் கால் அங்குலம் தையலுக்கு விடுவார்கள். அதாவது நம் கண்ணுக்குத் தெரியும் அந்தக் கால் அங்குலப் பட்டைக்காக முக்கால் அங்குலத் துணியை வெட்டியிருக்கிறார்கள். மூன்றில் இரண்டு பங்கு உள்ளே மறைந்து கிடக்கிறது. அந்த மறைந்த துணி முழுவதும் அப்படியே இருந்தால் கட்டம் அட்டைபோல் விறைத்துவிடும் என்பதால், தைத்தபின் ஓரத்தை அரைக்கால் அங்குலத்திற்குக் கத்தரித்துவிடுவார்கள். இப்போது வெளிர் நிறப் பட்டையை மட்டும் உற்றுப் பாருங்கள். அதன் விளிம்பையொட்டி மெல்லிய நிழற்கோடு ஒன்று தெரிகிறதா? அடர் நிறத்துணியின் ஓரம் அடியில் சரியாகக் கத்தரிக்கப்படாமல் எட்டிப்பார்க்கிறது என்று பொருள். அது தெரியாவிட்டால், தைத்தவர் கட்டத்துக்குக் கட்டம் பின்புறத்தைத் திருப்பிப் பார்த்து வேலை செய்திருக்கிறார்.

பட்டைகள் எல்லாம் இம்மியளவும் பிசகாமல் ஒரே அகலத்தில் இருந்தால், பெரும்பாலும் காகிதத்தின்மேல் வைத்துத் தைத்திருப்பார்கள். வரைபடத்தைக் காகிதத்தில் அச்சிட்டு, துணியை அதன் பின்புறம் வைத்து, கோட்டின்மேலேயே தையல் போட்டு, முடிந்ததும் காகிதத்தைக் கிழித்தெடுக்கும் முறை இது. தையல் பிரியாமல் காகிதம் மட்டும் கிழிய வேண்டும் என்பதற்காகத் தையலைப் பொடியாகப் போடுவார்கள். அறுகோணத் துண்டுகளால் ஆன மலர்த்தோட்ட அமைப்பில் காகிதத்தின் வேலை வேறு: ஒவ்வொரு காகித அறுகோணத்தின்மேலும் துணியை மடித்து, விளிம்போடு விளிம்பைக் கையால் சுற்றித் தைத்து, பிறகு காகிதத்தை உருவிவிடுவார்கள். அரை அங்குல அறுகோணங்களைப் பார்த்தாலே தைத்தவரின் பொறுமை விளங்கும்.

நட்சத்திர அமைப்புகளில் உங்கள் கண் நேராக நடுப்புள்ளிக்குப் போகட்டும். எட்டுச் சாய்சதுரங்களின் கூர்முனைகளும் அவற்றின் தையல் ஓரங்களும் ஒரே புள்ளியில் வந்து சேர்வதால், அங்கே துணி குவிந்து மேடு தட்டும். திறமையானவர்கள் ஓரங்களை எல்லாம் ஒரே திசையில் சுழற்றி அழுத்தி அந்த மேட்டைப் பரப்பிவிடுவார்கள். முனைகள் மழுங்கியிருக்கின்றனவா, அல்லது ஒன்றையொன்று சரியாகத் தொடுகின்றனவா என்றும் பாருங்கள்.

அச்சுத்துணியின் தேர்வில்தான் பலர் தடுக்கி விழுகிறார்கள். பெரிய பூப்போட்ட பாத்திக் துணியை அரை அங்குலமாக வெட்டினால் பூவும் தெரியாது, கொடியும் தெரியாது. ஏதோ கறைபோல ஒரு நிறம் மட்டும் எஞ்சும். சிலர் அதையே சாமர்த்தியமாகப் பயன்படுத்தி, ஒரே பாத்திக்கின் வெவ்வேறு இடங்களை வெட்டி, சாயம் ஒன்றுக்கொன்று பாய்ந்த இடங்களை வானமாகவும் நீராகவும் ஆக்கிவிடுகிறார்கள். நம் நாட்டுக் கைவேலையில் நான் மிகவும் விரும்பிப் பார்ப்பது இதைத்தான்.

அடுத்து, மூன்று அடுக்கையும் பிணைக்கும் தையல். முழு அளவுக் குவில்ட்டில் கையால் அங்குலத்திற்குப் பத்து, பன்னிரண்டு தையல் போடுபவரை நல்ல கைகாரர் என்பார்கள். நான்கில் ஒரு பங்கு மினியேச்சரில் அதே விகிதம் வர வேண்டுமானால் அங்குலத்திற்கு நாற்பதுக்கு மேல் போட வேண்டும்; அது மனிதக் கையால் ஆகாது. ஆகவே இங்கே கலைஞர் கண்ணை ஏமாற்றுகிறார்: நூலைக் காணாமல் செய்துவிட்டு, தையல் ஏற்படுத்தும் பள்ளத்தை மட்டும் நமக்குக் காட்டுகிறார். 100 எண் பட்டுநூல் போன்ற மிக மெல்லிய நூலை, துணியின் நிறத்திலேயே தேர்ந்தெடுத்து, கோடுகளை நெருக்கமாக ஓட்டுவார்கள். இதைக் காண நேராக நின்றால் போதாது. சுவரோடு ஒட்டினாற்போல் பக்கவாட்டில் நின்று, மேலிருந்து விழும் வெளிச்சம் துணிமீது சாயும் கோணத்தில் பாருங்கள். அதுவரை தட்டையாகத் தெரிந்த பரப்பில் இறகுகளும் கட்டங்களும் எழுந்து வரும். மூன்றாம் சுற்று முழுவதையும் இந்தக் கோணத்திற்கே ஒதுக்கிவிடலாம்.

கடைசியாக விளிம்பு. 12 அங்குல குவில்ட்டைச் சுற்றிக் கால் அங்குலப் பட்டி கட்டினால், அது தடித்த சட்டமாகத் துருத்திக்கொண்டு நிற்கும். அரைக்கால் அங்குலத்தில், மூலைகள் கூர்மையாக மடிந்து, நான்கு பக்கமும் அலையாமல் சுவரோடு படிந்து தொங்கினால், முடிக்கும் வரை கவனம் தளரவில்லை என்று தெரிந்துகொள்ளலாம். முகப்பு பிரமாதமாகவும் விளிம்பு அவசரமாகவும் இருப்பவை எத்தனை என்று எண்ணிப் பாருங்கள், வியப்பாக இருக்கும்.

விளக்கச் சீட்டும் ஆட்களும்

சீட்டை இப்போது படியுங்கள். அளவு, துணி, கையால் இணைத்ததா, எந்திரத்தால் தைத்ததா, அமைப்பு சொந்தமா, பிறருடையதைத் தழுவியதா என்பன இருக்கும். எந்திரத் தையல் என்றதும் மதிப்பைக் குறைத்துவிட வேண்டாம். இந்த அளவில் எந்திரத்தை அடக்கி ஓட்டுவது எளிதான வேலை அல்ல.

பின்புறத்தைப் பார்க்காமல் வந்துவிடாதீர்கள். அமெரிக்கக் கண்காட்சிகளில் வெள்ளைக் கையுறை அணிந்த தொண்டர்கள் கேட்டவுடன் குவில்ட்டைத் திருப்பிக் காட்டுவார்கள். இங்கும் கண்ணாடிச் சட்டத்திற்குள் இல்லாதவற்றைக் கேட்டுப் பார்க்கலாம். நீங்களாகத் தொட்டுத் திருப்புவது மட்டும் கூடாது, கையிலுள்ள எண்ணெயும் வியர்வையும் துணியில் ஏறிவிடும். பொறுப்பில் மலாய்க்காரப் பெண்மணி இருந்தால் “காக், போலே தெங்கோக் பெலாக்காங்?” (அக்கா, பின்புறத்தைப் பார்க்கலாமா?) என்றாலே போதும், சிரித்துக்கொண்டு காட்டுவார். நம்மவர் என்றால், “அக்கா, இதைக் காகிதம் வைத்துத் தைத்தீர்களா, கையிலேயே பிடித்துத் தைத்தீர்களா?” என்று கேளுங்கள். எத்தனை நாள் ஆயிற்று என்ற கேள்வியை எல்லோரும் கேட்டு அவர்கள் சலித்திருப்பார்கள். எந்த இடம் பிடிபடவில்லை, எதைப் பிரித்துத் திரும்பத் தைத்தீர்கள் என்று கேட்டால் பேச்சு நீளும்.

பார்வையாளர் வாக்குச்சீட்டு கொடுத்தால் எல்லாம் முடிந்தபின் நிரப்புங்கள். முதல் சுற்றில் தேர்ந்தது பெரும்பாலும் மூன்றாம் சுற்றில் மாறிவிடும்.

வாங்குவதானால்

விற்பனைக்கு இருப்பவற்றின் விலையை அளவோடு ஒப்பிட்டு, இத்துணூண்டுக்கு இவ்வளவா என்று கேட்பது நம் ஆட்களின் வழக்கம். துண்டுகளின் எண்ணிக்கையோடு ஒப்பிடுங்கள், நியாயம் தெரியும். பேரம் பேசுவதற்குப் பதிலாக, துணியின் சாயம் போகுமா, பின்னால் மாட்டுவதற்குக் குழல்போலத் துணி தைத்திருக்கிறதா, பின்புறத்தில் செய்தவர் பெயரும் ஆண்டும் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள்.

நம் ஊரில் ஆண்டு முழுவதும் ஈரப்பதம் மிகுதி. சமையலறைச் சுவரிலும், குளியலறையை ஒட்டிய சுவரிலும், வெயில் நேரடியாக விழும் இடத்திலும் மாட்ட வேண்டாம். கழற்றி வைக்கும்போது பிளாஸ்டிக் பையில் அடைத்தால் பூசணம் பூக்கும். துவைத்து நன்றாக உலர்ந்த பருத்தித்துணியில் சுற்றி, மடிக்காமல் தட்டையாக வைத்து, மாதம் ஒருமுறை வெளியே எடுத்துக் காற்றாட விடுங்கள். பூச்சி உருண்டை போடுவதானால் அது துணியைத் தொடாதபடி தனியே முடிந்து வையுங்கள்.

பார்த்துவிட்டு வந்த வேகத்தில் தாமும் ஒன்று தைத்துப் பார்க்க விரும்புவோர், ஜாலான் துங்கு அப்துல் ரஹ்மான், மஸ்ஜிட் இந்தியா பக்கத் துணிக்கடைகளில் நெருக்கமாக நெய்த மெல்லிய பருத்தியைக் கேட்டு, ஒரு நிறத்தில் கால் மீட்டருக்கு மேல் வாங்காதிருப்பது நல்லது. கடையிலேயே ஒரு வெள்ளைத் தாளில் அரை அங்குலச் சதுரம் ஒன்றை வெட்டித் துளையாக்கி, அதைத் துணிமேல் வைத்துப் பாருங்கள். அந்தத் துளைக்குள் பூ முழுதாகத் தெரிந்தால் மட்டும் வெட்டச் சொல்லுங்கள்.